இரண்டு தரம் சொல்லும் ஓம்

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் வேட்பாளர் அண்ணையின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அண்ணை, அண்ணையின் மனைவி, மனைவியின் தமையனான மாமா, வான்காரர், மலேசிய அக்கா. இருக்க வேண்டியவர்களில் இரண்டு பேர் இல்லை. ஒருவர் கட்சியின் ஏஜென்ட். அந்த வெள்ளைக்கார அம்மா ஞாயிறுகளில் கடலோர ஊரொன்றில் முதியோர் இல்லத்தில் இருந்த தன் தாயைப் பார்க்கப் போய்விடுவார். மற்றவன் நான். எனக்கு சூப்பர்மார்க்கெட்டில் ஷிப்ட். எனக்கு ஷிப்ட் என்று தெரிந்துதான் அந்த நேரத்தை வைத்தார்கள் என்று அக்கா பிறகு சொன்னார். அப்படித்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கதைத்தது என்னைப் பற்றி என்பது மட்டும் தெரியும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. தென் லண்டனில், மிச்சம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வட்டாரம். பல வருடங்களாக அங்கே கவுன்சிலராக இருந்தவர் உடம்பு முடியாமல் விலகிவிட்டார். இடைத்தேர்தல் வந்தது. சாதாரணமாக இடைத்தேர்தலை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் அந்த முறை எங்கள் கவுன்சிலில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் சரிசமமான ஆட்கள். காலியான அந்த ஒரு கதிரையில் யார் இருக்கிறாரோ அவருடைய கட்சி கையை உயர்த்தியதுதான் முடிவு.

எங்களுக்கு அந்த முடிவில் ஒரு மண்டபம் இருந்தது. பழைய நூலகத்துக்குப் பின்னால் கவுன்சிலுக்குச் சொந்தமான மண்டபம். சனிக்கிழமைகளில் அங்கேதான் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஒரு பக்கம் அ ஆ, ஒரு பக்கம் மிருதங்கம், நடுவில் உருட்டித் தள்ளும் மரத்தடுப்பு. அதை விற்று அடுக்குமாடி கட்ட வேண்டும் என்பது மற்றக் கட்சியின் எண்ணம். விற்கக் கூடாது என்று எங்கள் கட்சி எழுத்தில் தந்தது. தந்ததோடு வேட்பாளராகவும் ஒரு தமிழரையே நிறுத்தியது. அவர்தான் அண்ணை. எண்பதுகளில் படிக்க வந்து, கணக்காளராகி, எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு வரிக்கணக்குப் பார்த்தவர். மெல்லப் பேசுவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

நான் அப்போது பட்டப்படிப்பு முடித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை தேடிக்கொண்டு, கிடைத்த ஷிப்டுகளைச் செய்துகொண்டிருந்தேன். என் அப்பா கடலுக்குப் போனவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான்தான். அதனாலோ என்னவோ, யாராவது எதையாவது முறையாகச் சொல்லித்தந்தால் அதை அப்படியே செய்வேன். அது நல்ல பழக்கம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஏஜென்ட் அம்மா எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கச் சொல்லித்தந்தார். வீடு வீடாகப் போக வேண்டும். கதவு திறந்ததும் யாருக்கு வாக்குப் போடுவீர்கள் என்று கேட்க வேண்டும். எங்களுக்கு என்றால் ஓர் அடையாளம், மற்றவருக்கு என்றால் ஓர் அடையாளம், தெரியாது என்றால் இன்னொன்று. தேர்தல் நாளில் எங்களுக்கு என்று அடையாளம் போட்ட வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போய், அவர்களைக் கூட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும். மற்ற வீட்டுக் கதவுப் பக்கமே போகக் கூடாது. "நித்திரையாய் இருக்கிற எதிரியை எழுப்பாதீர்கள்," என்றார் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்று சொன்னார்: "அவர்கள் வாயால் சொன்னதை எழுதாதீர்கள். நீங்கள் நம்புவதை எழுதுங்கள்."

இதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. கதவடிக்கு வந்த ஆளை எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்லி அனுப்பமாட்டார்கள். அது பழக்கம். கலியாண வீட்டுக்கு வாறீர்களோ என்று கேட்டால், போக எண்ணமே இல்லாதவரும் "ஓம் ஓம், கட்டாயம்" என்பார். கேட்டவருக்கும் விளங்கும். சாப்பாடு எத்தனை பேருக்கு என்று கணக்குப் போடும்போது அந்த ஆளைக் கழித்துவிடுவார்.

எனக்குத் தந்தது நான் குடியிருந்த தெரு. ஒரு பக்கம் வரிசை வீடுகள். மறுபக்கம் கவுன்சிலின் மூன்று மாடிக் குடியிருப்பு. அநேகமாகப் பிந்தி வந்த சனம். இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால் பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே வாக்குப் போடலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

முதல் வீட்டில் பனியனோடு ஒருவர் கதவைத் திறந்தார்.

"ஓம் ஓம், எங்கட ஆள்தானே. நாங்கள் போடாமல் ஆர் போடுறது? உள்ளுக்கு வாரும், பிளேன்டீ ஒண்டு குடிச்சிட்டுப் போம்."

"வாக்குச்சாவடி எங்கை எண்டு தெரியுமோ அண்ணை?"

"அது மனிசிக்குத் தெரியும்."

"எனக்கென்னப்பா தெரியும்?" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

நான் 'தெரியாது' என்ற அடையாளத்தைப் போட்டேன்.

குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஓர் அன்ரி. மருத்துவமனையில் துப்புரவு வேலை. கதவைப் பாதி திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, நான் வாயைத் திறக்கமுதல் தொடங்கினார்.

"உங்கட ஆள் வெண்டா இந்தச் சுவரை வந்து பாப்பாரோ? பாரும், பூஞ்சணம். பிள்ளைக்கு இருமல் நிக்குதில்லை. இல்லாட்டி மாலை போட்டுப் படம் எடுக்கத்தானோ வாறவர்?"

"பாப்பார் அன்ரி. நான் சொல்லுறன்."

"நீர் சொல்லி என்ன? நீரும் வாடகைக்குத்தானே இருக்கிறீர்." பிறகு குரல் இறங்கியது. "எத்தினை மணி மட்டும் திறந்திருக்கும்? நான் நாலுக்குத்தான் வேலையால வருவன். மேல் வீட்டுக் கிழவனுக்கும் மனிசிக்கும் நடக்க ஏலாது. உங்கை பெரிய றோட்டுக்கு அங்காலை எல்லே? நாங்கள் ஒரு நாளும் உதுக்குப் போகேல்லை. உள்ளுக்குப் போய் என்ன சொல்லுறது? ஆரும் கூட வருவினமோ?"

நான் 'எங்களுக்கு' என்று போட்டேன். மூன்று நான்கு நாட்களில் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. "ஓம் ஓம்" என்று இரண்டு தரம் சொல்லித் தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறவர் வரமாட்டார். குறை சொல்லி, நேரம் கேட்டு, வழி கேட்கிறவர் வருவார். அந்தக் குடியிருப்பில் வழி கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னேன்: தேர்தலன்று ஐந்து மணிக்குக் கீழ் வாசலுக்கு வான் வரும். நானும் கூட வருவேன்.

அண்ணையின் வீட்டில் நடந்த முதல் கூட்டத்தில் எல்லோரும் தங்கள் தெருக்களை வாசித்தார்கள். மாமா வாசித்தபோது சபை சிரித்து மகிழ்ந்தது. அவர் போன வீடெல்லாம் எங்களுக்குத்தான்.

"நான் போன தெருவில ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லேல்லை," என்றார். "ஒருத்தரும்! ஒரு வீட்டில புட்டும் கறியும் தந்தவை."

மாமா யார் என்பதைச் சொல்ல வேண்டும். பெற்றோல் நிலையம் ஒன்று வைத்திருந்தார். ஆனால் அவரை எல்லோருக்கும் தெரிந்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவால். எந்தப் பிள்ளை முன்வரிசையில் ஆடுவது, எந்தப் பிள்ளை மரமாக நிற்பது என்பதையெல்லாம் அவர்தான் முடிவுசெய்வார். அவர் கதவைத் தட்டி வாக்குக் கேட்டால், ஆடுகிற பிள்ளையை வைத்திருக்கிற எந்தத் தாய் இல்லை என்பாள்?

என் முறை வந்தது. என் தெருவில் எங்களுக்கு என்று பாதிகூட இல்லை. வாசித்து முடித்தேன். அறையில் வடை கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி," என்றார் மாமா, "உம்மட தெருவில தமிழர்தானே இருக்கினம்?"

"ஓம் மாமா."

"பின்னை?"

"கனபேர் சும்மா ஓம் எண்டினம். நான் அதைப் போடேல்லை. ஏஜென்ட் அம்மா நம்புறதை மட்டும் போடச் சொன்னவ."

"ஓ. தமிழன் சொன்னதை நீர் நம்பேல்லை. வெள்ளைக்காரி சொன்னதை நம்பினீர்." சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "தம்பி எவடம்?"

"வடமராட்சி."

"வடமராட்சியில எவடம்?"

"கடற்கரைப் பக்கம்."

"கடற்கரையில கன பக்கம் இருக்கு."

நான் சொன்னேன். அவர் "ஆ… சரி, சரி" என்றார். அந்த 'சரி'க்குள் என்ன சாதிக் கணக்கு இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது யார் மேலான கோபம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி வந்தது. ஆனால் நான் வந்து இருந்ததும் கதை மாறியது.

அடுத்த கிழமை துண்டுப் பிரசுரம் பிரச்சினை. மண்டபத்தை விற்கப்போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை ஒரு பிரசுரம் வீடு வீடாகப் போட முடிவுசெய்திருந்தோம். வியாழக்கிழமையே மற்றக் கட்சியின் பிரசுரம் எல்லாக் கதவுக்குள்ளும் கிடந்தது: 'சமூகத்தைக் கலந்து பேசாமல் மண்டபத்தில் கை வைக்கமாட்டோம்.' எங்கள் அடிக்கு முன்னமே தடுப்பு.

"உள்ளுக்க ஆள் இருக்கு," என்றார் மாமா. பார்வை என்னில் வந்து நின்றது.

"நீங்க கோயில்ல மைக் பிடிச்ச மாதிரி எல்லா இடத்துலயும் பேசுறீங்க. ஆள் வேற எதுக்கு?" என்றார் மலேசிய அக்கா. அவர் ஒரு சட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கோலாலம்பூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் ஊர், தெரு, பக்கம் ஒன்றும் அவருக்கு அர்த்தமில்லை. அதனால் பயமும் இல்லை.

எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. வான்காரரைச் சந்தேகப்பட்டேன்; அவர் இரண்டு கட்சிக்காரருக்கும் கராஜில் கார் திருத்துகிறவர். ஒரு நாள் அண்ணையின் மனைவியைக்கூடச் சந்தேகப்பட்டேன், தொலைபேசியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார் என்பதற்காக. அப்படியொரு காலம். எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். பிரசுரத்துச் செய்தி எப்படிப் போனது என்பது கடைசிவரை தெரியவரவில்லை.

பிறகு நான் மாட்டுப்பட்டேன். மற்றக் கட்சியின் வேட்பாளர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்கியவர். ஒரு பின்னேரம் அன்ரியின் வீட்டுக்கு நான் போனபோது அவர் அங்கே நின்று பூஞ்சணத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அன்ரி இருவருக்கும் தேத்தண்ணி தந்தார். வேறு என்ன செய்வார்? வந்த மனிசர். குடித்துவிட்டு இருவரும் ஒன்றாகப் படியால் இறங்கினோம். அவர் கதவைப் பிடித்தார். நான் நன்றி சொன்னேன். அந்த நேரம் தெருவில் வான் போனது. ஓட்டியவர் வான்காரர், பக்கத்தில் மாமா. அவர் கை காட்டவில்லை.

இதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அங்கே நடந்ததை அக்கா தேர்தலுக்குப் பிறகு ஒரு நாள் டிராமில் வைத்து, மாமாவின் குரலையே பிடித்துச் சொல்லிக் காட்டினார். அவர் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் சறுக்கிச் சறுக்கி வந்தது. முன் ஆசனத்துக் கிழவி திரும்பிப் பார்த்தாள்.

"'உவன் அங்கால் பக்கத்து ஆள்'னாரு. நான் கேட்டேன், என்னா ஆதாரம்? 'கண்ணால கண்டனான், ஒண்டாத் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறாங்கள்.' சரி, அதுக்கு? 'அவன் எழுதின பட்டியல் முழுக்கப் பிழை. எங்களுக்குப் போடுறவனை எல்லாம் இல்லை எண்டு போட்டிருக்கிறான். ஓம் எண்டு போட்டிருக்கிறது அவன்ர கூட்டாளி வீடுகள். அதுகளை ஏத்திக்கொண்டு போனா எங்கட வானிலயே எதிரிக்கு வாக்குப் போகும்.'"

"அண்ணை என்ன சொன்னவர்?"

"கண்ணாடி தொடச்சாரு."

"கடைசியா?"

"கடைசியா, உன் தெருவை விட்டுடறதுனு ஆச்சு. வான் முழுக்க மாமா தெருவுக்கு. உன்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது, சொன்னா நீ அந்தப் பக்கம் போய்ச் சொல்லிடுவியாம். உன்னைத் தூரமா ஒரு இடத்துல உக்கார வெக்கறதுனும் ஆச்சு. நான் கத்தினேன் தம்பி. ஒரு கைதான் தூக்கினேன். என் கையை யாரு எண்ணுறாங்க?"

இது எதுவும் தெரியாமல்தான் நான் தேர்தலன்று போய் இருந்தேன். என் தெருக்காரர் வாக்குப் போடும் இடம் அல்ல அது. வட்டாரத்தின் மறுகோடியில் ஒரு ஆரம்பப் பாடசாலை. மாமாவின் தெருவுக்கு அதுதான் வாக்குச்சாவடி. மழை. வாசலில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று போட்டு, நெஞ்சில் கட்சிப் பட்டியைக் குத்திக்கொண்டு, வாக்குப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களிடம் அவர்களுடைய வாக்காளர் இலக்கத்தைக் கேட்டுக் குறிக்க வேண்டும். யார் வந்துவிட்டார் என்று தெரிந்தால் மிச்சப் பேரைக் கூப்பிடலாம் என்பதற்காக. எங்கள் ஆட்களுக்கு அது விளங்கவே இல்லை.

"என்னத்துக்கு நம்பர்? விசாக் குடுக்கிற ஹோம் ஒபிசுக்கோ?" என்றார் ஒருவர்.

"இல்லை ஐயா, கட்சிக்கு."

"நான் ஆருக்குப் போட்டனான் எண்டு உதில தெரியுமோ?"

"தெரியாது ஐயா."

"அப்ப என்னத்துக்கு?"

பின்னேரம் வான் வரத் தொடங்கியது. மாமா முன்னாசனத்திலிருந்து இறங்கி, பின்கதவை இழுத்துத் திறந்து, சனத்தைக் கலியாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பதுபோல் உள்ளே அனுப்பினார். நல்ல சேலைகள், தலைவாரிய பிள்ளைகள். அவர்களை இறக்கிவிட்டு வான் அடுத்த பயணம் போனது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இவ்வளவு பேர் வருகிறார்களே, நான்தான் சனத்தை நம்பத் தெரியாதவனோ என்று.

வானில் வந்த ஒருவர் வாக்குப் போட்டுவிட்டு வந்து, குடையை விரிக்காமல் என் கதிரைக்குக் கிட்ட நின்றார். சுற்றிவரப் பார்த்தார்.

"தம்பி, மாமாவிட்டச் சொல்லாதையும்."

"என்ன அண்ணை?"

"அந்த நீச்சல் வாத்தியாருக்குத்தான் போட்டனான். எங்கட மூத்தவன் தண்ணி எண்டா அலறுவான். மனிசன் ஒவ்வொரு கிழமையும் கையைப் பிடிச்சுப் பழக்கினவர். பிறகெப்பிடி அவரைக் கைவிடுறது?"

"பின்னை என்னத்துக்கு அண்ணை எங்கட வானில வந்தனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"வாசலுக்கு வந்து கூப்பிட்ட மனிசரை வரமாட்டன் எண்டு சொல்லுறதே? அதோட மகள் இந்த முறை முன்வரிசையில ஆடுறாள்."

அவருக்குப் பிறகு வானால் இறங்கிய ஒவ்வொருவரையும் நான் வேறு கண்ணால் பார்த்தேன். இவரா? அந்த அம்மாவா? சிரித்துக்கொண்டு போகிற அந்த இரண்டு பேருமா? நான் வேலை செய்த கட்சியின் வான், யாரையெல்லாம் நனையாமல் ஏற்றி வருகிறது?

நாலரை மணிபோல் மாமாவுக்கு ஒரு கோல் எடுத்தேன்.

"மாமா, ஐஞ்சு மணிக்கு எங்கட தெருவுக்கு வான் போக வேணும். குடியிருப்பு வாசலில சனம் நிப்பினம். நானும் வாறன் எண்டு சொன்னனான்."

"நீர் அசையப்படாது. உமக்குக் குடுத்த வேலை அது."

"அப்ப வான் போகுமோ?"

"ஓம் ஓம். போகும், போகும்."

"அன்ரி ஒராள் இரண்டாம் மாடியில. மேல் வீட்டு ஐயாவுக்கு ஏற ஏலாது, கை குடுக்க வேணும்."

"ஓம் ஓம். பாப்பம். நீர் யோசியாதையும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பவும் இலக்கங்களைக் குறிக்கத் தொடங்கினேன். மூன்று கிழமை கதவு கதவாக நின்று, எந்த ஓம் வரும், எந்த ஓம் வராது என்று பிரித்து எழுதிய ஆள் நான். அந்த ஓம் எனக்குக் கேட்கவில்லை. படித்தவர், மூத்தவர், பொறுப்பானவர் சொல்லிவிட்டார் என்று கதிரையில் இருந்தேன். மழை பக்கவாட்டில் அடித்தது. என் எதிரே மற்றக் கட்சியின் பட்டியைக் குத்தியிருந்த பெண் பிஸ்கட் பெட்டியை நீட்டினாள். யாராவது பார்ப்பார்கள் என்று நான் எடுக்கவில்லை.

வாக்குகளை மறுநாள் காலை எண்ணினார்கள். ஒரு விளையாட்டு மண்டபத்தில் நீள மேசைகள். இரண்டு பக்கமும் கட்டுக் கட்டாக ஏறிக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் உயரம் என்று சொல்ல முடியாதபடி நின்றது. ஒருமுறை எண்ணி, அண்ணை கேட்டதால் இன்னொருமுறையும் எண்ணினார்கள். ஒன்பது வாக்கால் தோற்றோம்.

நீச்சல் வாத்தியார் வந்து அண்ணைக்குக் கை கொடுத்தார். அண்ணை கொடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

ஏஜென்ட் அம்மா தனக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பட்டியலின்படி வெல்ல வேண்டிய தேர்தல். மாமாவின் தெருக்கார வாக்குச்சாவடியில்தான் வாக்கு நிறைய விழுந்திருக்கிறது, அங்கேதான் நாங்கள் மோசமாக அடிவாங்கியிருக்கிறோம், எப்படி என்று கேட்டார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"உன் தெருவிலிருந்து ஏன் ஆட்கள் வரவில்லை?"

"வான் போனது," என்றேன். "நான் சொல்லியிருந்தேன்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா எண்ணி முடித்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வான்காரர் வான் திறப்பை விரலில் சுழற்றினார். அப்போதுதான் எனக்கு அந்தத் தொலைபேசிக் குரல் சரியாகக் கேட்டது.

அன்று பின்னேரம் வேலைக்குப் போகும் வழியில் குடியிருப்பு வாசலில் அன்ரியைக் கண்டேன். மாறிப் போக இடமில்லை.

"நேற்று என்னப்பா உங்கட வான்?" என்றார். கோபமாகக்கூட இல்லை. "ஐஞ்சுக்கே இறங்கிட்டம். மேல் வீட்டு ஐயா கோட்டுச் சூட்டெல்லாம் போட்டுக்கொண்டு, அவரைப் பிடிச்சு இறக்கவே அரை மணித்தியாலம். இந்தக் கதவுக்க நிண்டனாங்கள், பதினாலு பேர். பிள்ளை குளிர்ல அழத் தொடங்கிட்டுது. ஏழு மட்டும் பாத்தம்."

"ஒரு கோல் எடுத்திருக்கலாமே அன்ரி. என்ர நம்பர் இருக்கே."

"தேர்தல் நாளில உமக்கு எவ்வளவு அலுவல் இருக்கும். கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டு விட்டம்." பிறகு, "எங்கட ஆள் வெண்டவரே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"ஐயோ," என்றார் அன்ரி. "எவ்வளவால?"

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மண்டபம் அடுத்த வசந்தத்தில் விற்பனைக்கு வந்தது. கலந்து பேசினார்கள்தான், ஒரு பின்னேரம் எங்களை அழைத்து, தேத்தண்ணி தந்து, சொல்வதையெல்லாம் கேட்டு, எழுதி, பிறகு விற்றார்கள். விற்கலாம் என்று உயர்ந்த கைகள் ஒன்றே ஒன்றுதான் கூடுதல். நீச்சல் வாத்தியார் அன்று உயர்த்தும்போது கீழே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பார்வையாளர் வரிசையில் இருந்த அக்கா சொன்னார். அண்ணை பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. வகுப்பு ஒன்று எடுக்கக் கேட்டிருந்தார்கள், அதனால் போனேன். மாமா முன்னால் நின்று விவரம் சொன்னார். பிள்ளைகள் இனி ஒரு தேவாலயத்தின் பின் மண்டபத்தில் படிப்பார்கள். அங்கே கலியாணம் நடக்கும் நாட்களில் மிருதங்கத்துக்கு அனுமதி இல்லை. என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். எங்கள் இருவருக்கும் இடையில் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது. அவர் இன்னும் என்னைச் சந்தேகிக்கிறாரா, நான் அவரைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டேனா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பின்வரிசையில் அன்ரி எழும்பினார். மகளை அந்த வருடம்தான் சேர்த்திருந்தார்.

"முந்தின மண்டபத்துக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"முந்தி சும்மா தந்தவை."

"இப்ப?"

மாமா கையிலிருந்த தாளைப் பார்த்தார். பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சனிக்கிழமைக்கு நூற்று நாற்பது பவுண். கதிரை மேசை எடுத்தால் பதினைஞ்சு கூட."